வீட்டைக் காலி செய்யும்போது பெயிண்ட் செலவு என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வது சட்டப்படி சரியா?

சென்னையில் குடியிருந்த வீட்டைக் காலி செய்யப் போவதாகவும், பெயிண்ட் செலவுக்கு ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டுதான் அட்வான்ஸைத் தருவேன், இதுதான் வழக்கம் என்று வீட்டு உரிமையாளர் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வழக்கம் என்பதைத் தவிர வேறு ஆதாரம் அவரிடம் இல்லையென்றால், அவர் செய்வது சரியல்ல. ஆனால் நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருந்தால் நிலைமை மாறிவிடும். எனவே முதல் வேலையாக ஒப்பந்தத்தை எடுத்து வரி வரியாகப் படித்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது நடைமுறையில் இல்லை. அதன் இடத்தில் 2017இல் இயற்றப்பட்ட நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. பராமரிப்பில் எது யார் பொறுப்பு என்பதை இச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பிரித்துக் காட்டுகிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவது, தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, மின் வயரிங், கட்டட அமைப்பைச் சார்ந்த பழுதுகள் ஆகியவை உரிமையாளரின் பங்கில் வருகின்றன. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், பூட்டு, உடைந்த ஜன்னல் கண்ணாடி, கழிவுநீர்க் குழாய் அடைப்பு போன்றவை குடியிருப்பவரின் பங்கு. எழுத்துமூலம் வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய இந்தப் பிரிவினைதான் செல்லும். நாள்பட்ட புழக்கத்தால் வரும் சாதாரணத் தேய்மானத்துக்கு வாடகைதாரரைப் பொறுப்பாக்க முடியாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

தேய்மானம் எது, சேதம் எது என்பதில்தான் பெரும்பாலான சண்டைகள் தொடங்குகின்றன. நான் முன்பு குடியிருந்த வீட்டைக் காலி செய்த அன்று, உரிமையாளர் ஹாலில் காலண்டர் மாட்டிய ஆணித் துளைகளையும், அடுப்புக்கு மேலே சுவரில் படிந்திருந்த எண்ணெய்க் கறையையும், நாற்காலி உரசி உதிர்ந்திருந்த சுண்ணாம்பையும் ஒவ்வொன்றாகக் காட்டி ஒரே தொகையாகக் கேட்டார். "சார், கண்ணாடி உடைந்தது எங்களால்தான், அதற்கு உண்டான பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பெயிண்ட் பற்றி அக்ரிமென்டில் ஒன்றும் இல்லையே" என்று ஒப்பந்தத்தின் நகலை நீட்டினேன். அவர் வெகுநேரம் படித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடிக்கும் கடைசி மின் கட்டணத்துக்கும் மட்டும் கழித்துக்கொண்டார். அவர் நியாயமானவர் என்பதும் அதற்குக் காரணம். எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று நான் உறுதி சொல்லமாட்டேன்.

அட்வான்ஸைப் பொறுத்தவரை, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றும், வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் பழக்கம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை என்பது வருத்தத்துக்குரியது. பெருந்தொகை உரிமையாளர் கையில் இருப்பதனால்தான், காலி செய்யும் நேரத்தில் அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டிய நிலை குடியிருப்பவருக்கு வருகிறது.

உங்கள் ஒப்பந்தம், இச்சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட்டதா என்பதையும் பாருங்கள். பத்திரத்தாளில் பதினொரு மாதத்துக்கு எழுதிவிட்டால் பதிவு வேண்டாம் என்று தரகர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் கட்டாயப் பதிவு என்ற 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தை ஒட்டி வந்த பழக்கம் அது. புதிய வாடகைச் சட்டத்தில் அந்த விலக்கு இல்லை. எந்தக் காலத்துக்கு எழுதினாலும் பதிவு செய்ய வேண்டும், அதற்குரிய இணையதளத்தையும் அரசு நடத்துகிறது. பதிவாகாத ஒப்பந்தத்தைச் சான்றாகக் காட்டுவதில் சிக்கல் வரும் என்பதால், உங்களுடையது பதிவாகவில்லை என்றால் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிட்டு அடுத்த அடியை எடுத்து வையுங்கள்.

அட்வான்ஸ் திரும்பி வராது என்ற பயத்தில் கடைசி மாதங்களின் வாடகையை நிறுத்திவிடலாம் என்று பலர் யோசனை சொல்வார்கள். உரிமையாளர் எழுத்தில் சம்மதிக்காமல் அதைச் செய்யாதீர்கள், ஏனெனில் இரண்டு மாத வாடகைப் பாக்கி சட்டப்படி வெளியேற்றுவதற்கான காரணங்களுள் ஒன்று. நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் தவறு உங்கள் மீது விழும்.

சாமான்களை ஏற்றிய பிறகு, வெறும் வீட்டை அறை அறையாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மின் மீட்டரின் அளவும் படத்தில் தெரியட்டும். சாவியை ஒப்படைத்த தேதி, கொடுத்த அட்வான்ஸ், நீங்கள் ஒப்புக்கொள்ளும் கழிவு, திரும்ப வர வேண்டிய மீதி ஆகியவற்றை ஒரு கடிதமாக எழுதி, நகலில் அவருடைய கையெழுத்தை வாங்குங்கள். அவர் மறுத்தால் அதே கடிதத்தை, சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள்.