விதிநூல் வாங்குவோர் கேள்வி-பதில்: அட்டை சொல்லாத ஆட்டப் பாணி

இம்முறை வந்த கடிதங்கள் எல்லாமே மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் ரோல்பிளேயிங் விளையாட்டுகளைப் பற்றியவை: ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகப் பேசி ஆடுவார்கள், பெரும்பாலும் நடத்துநர் ஒருவர் கதைக்களத்தை நடத்துவார், ஐயம் வரும் இடங்களில் பகடை தீர்ப்புச் சொல்லும். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் மூன்று அடிப்படை நூல்களையும் பணம் சேர்த்து வாங்கினோம். முதல் மாதத்திலேயே குழுவுக்குள் மனத்தாங்கல். ஒருவருக்குப் பொறிகளும் புதையலும் வேண்டும். இருவர் தங்கள் பாத்திரங்களின் கடந்த காலத்தைப் பேசியே பொழுதைக் கழிக்கிறார்கள். ஆட்டத்தை நடத்தும் நானோ ஒரு பெருங்கதையை எழுதி வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். தவறான பொருளை வாங்கிவிட்டோமா?

பதில்: நூல்களில் பழுதில்லை. உங்கள் மேசையில் நான்கு பேர் மூன்று வெவ்வேறு விளையாட்டுகளை ஆடிக்கொண்டிருக்கிறீர்கள்; ஆனால் அப்படி ஆக முடியும் என்று எந்த நூலின் அட்டையும் உங்களை எச்சரித்திருக்காது. இது என் நெடுநாள் மனக்குறை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்ட இந்த விளையாட்டு, போர்க்கள மாதிரி விளையாட்டுகளின் வயிற்றில் பிறந்தது. 1981இல் வந்த அடிப்படைத் தொகுப்பின் கணக்கைப் பார்த்தால் அன்றைய ஆட்டத்தின் குணம் விளங்கும்: பாதாளத்திலிருந்து வெளியே கொண்டுவந்த ஒரு பொற்காசுக்கு, பாத்திரத்தை அடுத்த நிலைக்கு உயர்த்தும் அனுபவப் புள்ளி ஒன்று, ஓர்க் என்ற சாதாரண அரக்கன் ஒன்றை வீழ்த்தினால் 10 புள்ளிகள், வீரன் இரண்டாம் நிலைக்கு ஏறத் தேவை 2,000 புள்ளிகள். இந்தக் கணக்கில், எதிரியோடு மோதாமல் சுற்றுவழி கண்டுபிடித்துப் பொன்னோடு தப்புகிறவரே கெட்டிக்காரர். பாத்திரம் இறந்தால் இன்னொன்றை எழுதிக்கொண்டு மறுபடி உட்காருவது அங்கே இயல்பு. 1984இல் தொடங்கிய டிராகன்லான்ஸ் சாகச வரிசை (சாகசம் என்றால் நடத்துநருக்காக ஆயத்தமாக எழுதி விற்கப்படும் கதைக்களம்) வேறொரு பழக்கத்தைப் பரவலாக்கியது. நாயகர்களும் பெருங்கதையும் முன்பே எழுதப்பட்டிருக்க, அதைச் சுவை குன்றாமல் நடத்திச் செல்வது நடத்துநரின் கலை என்று ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது. 2000க்குப் பின் சிறு படைப்பாளிகள் எழுதிய கதை விளையாட்டுகள் அந்தக் கலையையே கேள்விக்கு உள்ளாக்கின: 2009இல் வந்த ஃபியாஸ்கோவில் நடத்துநரே கிடையாது, 2010இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட், கதையை முன்கூட்டித் திட்டமிட வேண்டாம் என்று நடத்துநருக்குக் கட்டளையாகவே சொல்கிறது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் பழைய விதிகளைத் தூசி தட்டி மீட்டெடுக்கும் ஓ.எஸ்.ஆர். (ஓல்ட் ஸ்கூல் ரெனைசான்ஸ், பழைய பாணியின் மறுமலர்ச்சி) இயக்கமும் வளர்ந்தது. இன்னொரு பக்கம், தம் பாத்திரத்தின் வரலாற்றைப் பல பக்கங்களுக்கு எழுதி எடுத்துவந்து, அந்தப் பாத்திரத்தின் ஏக்கங்கள் நிறைவேறுவதை நடத்துநர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கும் ஆட்டக்காரர்களும் பெருகியிருக்கிறார்கள்.

இந்தப் பாணிகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நியாயம் உண்டு. ‘எந்தக் குழுவுக்கும், எந்தப் பாணிக்கும் ஏற்றது’ என்று பின்னட்டையில் அச்சிட்டு விற்பதற்கு எந்த நியாயமும் இல்லை. அப்படி ஒரு தடித்த சாகசத் தொகுப்பை நானும் வாங்கியிருக்கிறேன். விரும்பிய திசையில் சுற்றித் திரியலாம் என்று அதன் பின்னட்டை வாக்களித்தது. உள்ளே ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் ஆட்டக்காரர்கள் எங்கே நிற்க வேண்டும் என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டிருந்தது. உறை பிரிக்கப்பட்டுவிட்டதால் திரும்பப் பெற முடியாது என்று விற்றவர் கையை விரித்துவிட்டார். உறையைப் பிரிக்காமல் உள்ளே இருப்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்று நான் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. உணவுப் பொட்டலத்தில் சேர்மானங்களை அச்சிடுவது போல, இந்த விளையாட்டு எதற்குப் பரிசளிக்கிறது, பாத்திரம் எவ்வளவு எளிதில் இறக்கும், கதையின் போக்கை யார் முடிவு செய்கிறார்கள் என்ற மூன்று செய்திகளைப் பதிப்பாளர்கள் அட்டையிலேயே அச்சிட வேண்டும் என்று விடாமல் எழுதி வருகிறேன்.

அது நடக்கும் வரை, எந்த விதிநூலை வாங்கும் முன்பும் பாத்திரங்கள் எப்படி முன்னேறுகின்றன என்று சொல்லும் பகுதியை முதலில் படியுங்கள். பொன்னுக்குப் பரிசா, எதிரியை வீழ்த்தியதற்கா, பாத்திரத்தின் நம்பிக்கையை வெளிப்படுத்தியதற்கா என்பதை அது சொல்லிவிடும். 1981இல் வெளிவந்த கால் ஆஃப் கதுல்ஹு என்ற திகில் விளையாட்டில் நிலைகளே இல்லை; வெற்றிகரமாகப் பயன்படுத்திய திறமை மெல்ல வளரலாம், ஆனால் கண்ட கோரங்களால் மனநலம் தேய்ந்துகொண்டே போகும். நாயகனாக வளர்ந்து வெல்ல விரும்புபவருக்கு அது ஏற்றதல்ல என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது.

உங்கள் குழுவுக்கு நான்காவது நூல் ஒன்றும் தேவையில்லை. அடுத்த முறை பகடையை எடுக்காமல் உட்கார்ந்து, பாத்திரம் பகடையின் தீர்ப்பால் சாகலாமா, கதை யாருடையது என்ற இரண்டையும் பேசி முடிவெடுங்கள். ஒத்துவரவில்லை என்றால் இரண்டு குழுக்களாகப் பிரிந்து ஆடுங்கள், நூல்களைப் பகிர்ந்துகொள்ளலாம்.

கேள்வி: அபோகலிப்ஸ் வேர்ல்ட் ஆடுவதற்கு ஏழு பகடைகள் கொண்ட தொகுப்பை ஆளுக்கொன்று வாங்க வேண்டும் என்கிறார் கடைக்காரர். உண்மையா?

பதில்: இல்லை, சாதாரண ஆறு முகப் பகடை இரண்டு போதும்.

கேள்வி: நண்பர்கள் எல்லோரும் புதியவர்கள். பாத்திரங்களுக்கு உருக்கமான முன்கதைகளை எழுதி வந்தார்கள். புகழ்பெற்றது என்று கேள்விப்பட்டு டூம் ஆஃப் ஹாரர்ஸ் சாகசத்தை வாங்கி நடத்தினேன். ஒரு மணி நேரத்துக்குள் அனைவரும் இறந்துவிட்டார்கள், ஒருவர் அழுதேவிட்டார். இப்படிப்பட்ட பொருளை விற்க எப்படி அனுமதிக்கிறார்கள்?

பதில்: நீங்கள் அந்தச் சாகசத்தைப் படித்துவிட்டுத்தான் நடத்தினீர்களா? 1975இல் ஆரிஜின்ஸ் என்ற விளையாட்டு மாநாட்டில் போட்டிக்காக நடத்தப்பட்டு 1978இல் அச்சான சாகசம் அது. 10 முதல் 14 வரையிலான நிலைகளில் உள்ள பாத்திரங்களுக்காக எழுதப்பட்டது. சிந்தித்து ஆடுபவர்களுக்கே இது, வெட்டிச் சாய்ப்பதை மட்டும் விரும்பும் குழு இதில் மகிழாது என்று நடத்துநருக்கான குறிப்பில் கைகாக்ஸ் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். நான் மேலே கேட்டிருக்கும் நேர்மையை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே காட்டிய பொருளின்மீது நீங்கள் புகார் சொல்கிறீர்கள். அழுத நண்பரிடம் மன்னிப்புக் கேளுங்கள், அவருடைய பாத்திரத்தை அடுத்த ஆட்டத்தில் உயிரோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘பழைய பாணி ஆட்டக்காரர்களுக்காக முற்றிலும் புதிதாக எழுதப்பட்ட விதிகள்’ என்ற விளம்பரத்தை நம்பி ஒரு நூலை வாங்கினேன். ஐந்தாம் பதிப்பின் இலவச விதித் தொகுப்பை அப்படியே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்று நண்பர் காட்டினார். ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஆம், ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள், அதில் வெட்கப்பட வேண்டியவர் விற்றவர்தான், நீங்கள் அல்ல. சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்குமெண்ட் 5.1 என்ற அந்தத் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் பொதுவில் வைக்கப்பட்டது. எவரும் அதை அச்சிட்டு விற்கலாம், ஆனால் மூலத்தைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். குறிப்பு இல்லையென்றால் உரிம மீறல். ‘முற்றிலும் புதிதாக’ என்பது பொய் விளம்பரம். பொருளும் நீங்கள் கேட்டதல்ல. 1981இன் அடிப்படை விதிகளில், அடிபடும்போது குறையும் உயிர்ப்புள்ளி பூஜ்யத்தைத் தொட்டால் மரணம். இந்தத் தொகுப்பிலோ பிழைப்பதற்குப் பகடை உருட்டும் வாய்ப்புகள் உண்டு, நீண்ட ஓய்வு ஒன்றில் இழந்த உயிர்ப்புள்ளிகள் எல்லாம் மீண்டுவிடும். இரண்டு நூல்களின் பக்கங்களையும் அருகருகே படமெடுத்து, விளம்பரத்தின் படத்தையும் சேர்த்து, விற்பனைத் தளத்துக்கு எழுதிப் பணத்தை முழுவதுமாகத் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: நண்பர்களிடையே ஓயாத வாதம். பழைய பாணி, கதைப் பாணி, இவற்றில் எது உயர்ந்தது?

பதில்: எந்தப் பாணி உங்கள் மேசையில் இருப்பவர்களை மறுவாரமும் வரவைக்கிறதோ, அதற்கான நூலை வாங்குங்கள்.

கேள்வி: தொழில்முறைக் குரல் நடிகர்கள் ஆடும் நிகழ்ச்சியைப் பார்த்து மயங்கி, அவர்கள் பயன்படுத்தும் அதே விதிநூலை வாங்கினேன். எங்கள் ஆட்டம் அப்படி வரவில்லை. வேறு பதிப்பு வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் பார்த்தது நடிகர்களின் பயிற்சி; அது எந்த நூலிலும் அச்சாகி வருவதில்லை. ஐந்தாம் பதிப்பின் விதிகளில் பெரும்பங்கு சண்டை, மந்திரம், சாதனங்கள் பற்றியது. பாத்திரங்களுக்கு இடையிலான உறவுகளை விதிகளே தூண்டிவிட வேண்டும் என்று விரும்பினால் கதை விளையாட்டுகளைப் பாருங்கள். பல பதிப்பாளர்கள் தொடக்க விதிகளை இலவசமாகத் தருகிறார்கள். அவற்றை ஒருமுறை ஆடிப் பார்க்காமல் முழு நூலுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கட்டணம் வாங்கி ஆட்டம் நடத்தும் ஒருவரிடம் பத்து அமர்வுகளுக்கு முன்பணம் கட்டினோம். ‘உங்கள் முடிவுகளே கதையை நகர்த்தும்’ என்று எழுதியிருந்தார். நான்கு அமர்வுகள் ஆகிவிட்டன. நாங்கள் எந்தப் பாதையில் போனாலும் அதே கோட்டைக்கே வந்து சேர்கிறோம். கேட்டால், நல்ல கதைக்கு அது அவசியம் என்கிறார்.

பதில்: அவர் பழகிய பாணியில் அது அவசியமாகவே இருக்கலாம். ஆனால் அவர் உங்களுக்கு விற்றது அந்தப் பாணியை அல்ல. அவருடைய அறிவிப்பின் வாசகத்தையே மேற்கோள் காட்டி, மீதி ஆறு அமர்வுகளை வாக்களித்தபடி நடத்த வேண்டும் அல்லது அவற்றுக்கான பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். நடந்து முடிந்த நான்கு அமர்வுகளுக்கும் ஒரு பகுதியைக் கேட்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இனி வேறொருவரிடம் போனால், முன்பணமாக ஓர் அமர்வுக்கு மட்டும் கொடுங்கள்; பகடையை எல்லோரும் பார்க்க உருட்டுவாரா, நீங்கள் அந்தக் கோட்டைக்குப் போக மறுத்தால் அன்று என்ன செய்வார் என்ற இரண்டையும் பணம் கைமாறும் முன்பே கேட்டுவிடுங்கள்.