மின்கம்பி வேண்டாம் என்கிற தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

எஸ் பாஸ் என்னும் வேலை அனுமதியில் சிங்கப்பூர் வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன, ஜூரோங் வெஸ்ட்டில் ஓர் அறையில் இருக்கிறேன், வாடகை சம்பளத்தைத் தின்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம் எதுவும் இல்லாமல் கூடாரமோ குடிலோ கன்டெய்னரோ போட்டு எளிமையாக வாழ சிங்கப்பூரில் வழியுண்டா, இல்லையென்றால் பட்டுக்கோட்டைப் பக்கம் அப்பாவின் கொல்லையில் போட எது மலிவு, எது நல்லது என்று கேட்டிருந்தீர்கள்.

முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில்: இங்கே வழியில்லை. நிலத்தின் பெரும்பகுதி அரசுடையது. அனுமதியில்லாமல் அதில் ஒரு கொட்டகை போட்டாலும் குற்றம்தான். ஈஸ்ட் கோஸ்ட்டிலும் பாசிர் ரிஸ்ஸிலும் நீங்கள் பார்க்கும் கூடாரங்கள் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியோடு, குறித்த இடத்தில், ஓரிரு இரவுக்கு அடிப்பவை. மலேசியாவின் ஜொகூரில் தங்கி வேலைக்கு வந்துபோகலாமா என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள். அங்கே சுற்றிப்பார்க்கப் போவது வேறு, குடியிருப்பது வேறு. உங்கள் சிங்கப்பூர் பாஸ் அதற்கு உரிமை தராது. "யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்" என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். பாஸ் போனால் ஊரில் கட்டும் கனவும் அதோடு போய்விடும்.

இந்த ஊர் குடிசைகளை விட்டு அடுக்குமாடிக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீயில் பிடித்த தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். மரச்சுவரும் அத்தாப்பு என்னும் ஓலைக் கூரையும் ஒன்றையொன்று ஒட்டி நின்ற குடியிருப்பு அது. அதற்கு முந்தைய ஆண்டுதான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) தொடங்கப்பட்டிருந்தது. தீக்குப் பிறகு கட்டுமானம் வேகமெடுத்தது. இன்று சிங்கப்பூரின் முதன்மைத் தீவில் மிஞ்சியிருக்கும் கம்போங், அதாவது பழைய கிராமக் குடியிருப்பு, லோரோங் புவாங்கோக் ஒன்றுதான். நெருக்கமான குடிசையும் தீயும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நீங்கள் ஊரில் கட்டும்போதும் மறக்கக்கூடாது. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

ஆகவே இப்போதைக்கு அறையிலேயே இருங்கள். வீவக அறையைக் குறைந்தது ஆறு மாதத்துக்குத்தான் வாடகைக்கு விடலாம். உங்கள் பெயர் குடியிருப்பவராகக் கழகத்தில் பதிவாகியிருக்கிறதா என்று இணையத்திலேயே பார்த்துவிடலாம். பதிவு செய்யாமல் மலிவாகத் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். இன்னொருவரோடு அறையைப் பகிர்ந்துகொண்டு மிச்சப்படுத்துங்கள்.

ஓய்வுநாள் ஒன்றில் புலாவ் உபின் தீவுக்குப் போய் வாருங்கள். சாங்கி பாயிண்ட் படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு கிளம்பிவிடும். அந்தத் தீவுக்கு முதன்மைத் தீவின் மின்கம்பி போகவில்லை. டீசல் ஜெனரேட்டரில் ஓடிய வீடுகளும் கடைகளும் நிறைய. 2013 முதல் படகுத்துறைப் பக்கத்தில் சூரிய மின்சாரத்தோடு ஒரு சிறு மின்கட்டமைப்பை முயன்று பார்த்திருக்கிறார்கள். தண்ணீர் கிணற்றிலிருந்து. பழைய மலாய் வீட்டுக்குப் பக்கத்தில் குனிந்து தரைப்பலகைக்குக் கீழே பாருங்கள். தூணை மண்ணில் புதைக்காமல் கல் அல்லது கான்கிரீட் கட்டைமேல் நிறுத்தியிருப்பார்கள். வெள்ளம் அடியில் ஓடிவிடும், ஈரம் மரத்துக்கு ஏறாது, கறையான் ஏறினால் உடனே கண்ணில் படும். பிறகு நிமிர்ந்து சுவர் முடிந்து கூரை தொடங்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே காற்றுக்கு இடைவெளி விட்டிருப்பார்கள். கூரைக்குக் கீழே தேங்கும் சூடு அதன் வழியே வெளியேறுகிறது. நம் கடலோரத்துக்கும் இதே புழுக்கம், இதே அடைமழை. நீங்கள் ஆசைப்படும் வீட்டின் பாடம் அங்கேயே இருக்கிறது.

இனி ஊர்க் கொல்லைக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய படங்களில் இருப்பவற்றில் பெரும்பாலானவை வேறு வானிலைக்காகப் பிறந்தவை. யர்ட் என்னும் வட்டக் கூடாரம் புல்வெளிக் குளிருக்கானது; கம்பளிப் போர்வை சுற்றிய வீடு வேதாரண்யம் காற்றில் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். ஆறுபக்க அட்டைவீடு உங்களை மிகவும் கவர்ந்திருக்கிறது. வினய் குப்தா என்பவர் 2002இல் வடிவமைத்த ஹெக்ஸாயர்ட் அது. நாலுக்கு எட்டு அடி பலகை பன்னிரண்டில் சுமார் 166 சதுர அடி கிடைக்கும், வெட்டும் வேலையும் குறைவு, நல்ல மூளை. ஆனால் அது பேர்பெற்றது அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில், சில நாள் தங்கலுக்கு. நுரைப்பலகையை ஒட்டுப்பட்டையால் சேர்த்த மூலைகள் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாங்குமென்று நான் நம்பவில்லை. முக்கோணங்களை இணைத்துக் கட்டும் கோளக் குடிலுக்கும் இதே குறை: இணைப்புகள் அதிகம், ஒவ்வொரு இணைப்பும் ஒழுகும் வாய்ப்பு. பாலியெஸ்டர் கூடாரம் மலிவுதான். நாள்தோறும் நம் வெயிலில் நின்றால் துணி இற்றுப்போகும்.

கன்டெய்னர் பற்றி அழுத்திக் கேட்டிருந்தீர்கள். இருபதடி கன்டெய்னர் வெறுமையாகவே இரண்டு டன்னுக்கு மேல் எடை. உங்கள் தெருவுக்குள் கிரேன் வருமா என்று முதலில் பாருங்கள். உள்ளகலம் எட்டடிகூட வராது. வெப்பத்தடுப்புப் பலகை வைத்தால் இன்னும் சுருங்கும். வைக்காவிட்டால் சித்திரையில் உள்ளே கால் வைக்க முடியாது. அதன் தரைப்பலகையில் பூச்சிமருந்து ஏற்றியிருப்பதும் உண்டு. நான் உங்களிடத்தில் இருந்தால் வாங்கமாட்டேன்.

என் தேர்வு இதுதான்: மேடையில் நிற்கும் ஓரறை வீடு, முன்னால் ஒரு திண்ணை, நாலுபக்கமும் சரியும் கூரை. ஆரோவில்லில் தொடக்க காலத்தில் கருங்கல் தூண்மேல் சவுக்குக் கம்பும் தென்னங்கீற்றும் கொண்டு சிறு குடில்கள் போட்டார்கள். நம் பக்கத்துப் பொருள், நம் பக்கத்து ஆள், உடைந்தால் பக்கத்து ஊரிலேயே சரிசெய்யலாம். சுவருக்கு அங்கே பரவலாகப் புழங்கும் அழுத்திய மண்கல்லைப் பாருங்கள். ஐந்து விழுக்காடு போலச் சிமென்ட் கலந்து அச்சில் அழுத்துகிறார்கள், சூளை வேண்டியதில்லை. கொல்லை மண் அதற்கு ஏற்றதா என்று சோதிக்காமல் இறங்காதீர்கள். களி மிகுந்த வயல்மண் காய்ந்தால் வெடிக்கும்.

கூரைக்குத்தான் காசை ஒதுக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது நம் பக்கம் பறந்த தகரத்தையும் சாய்ந்த தென்னையையும் நீங்கள் நேரில் பார்த்தவர். வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்ததும் உங்களுக்குத் தெரியும். கீற்று குளுமை, மலிவு. ஆனால் இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும், தீப்பொறி பட்டால் போயிற்று. தகரத்தை மேலே போட்டு, கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு மூங்கில் பாய் அடியுங்கள். சூடு இடையிலேயே காற்றோடு போகும். சரிவு முப்பது பாகை இருக்கட்டும். இறவாரம் ஒன்றரை அடிக்கு மேல் நீளக்கூடாது, புயல் அதைத்தான் முதலில் தூக்கும். ஆணியை நம்பாதீர்கள்: தகரத்தைச் சட்டத்தோடு போல்ட்டால் முடுக்கி, கைமரத்தை உத்திரத்தோடும், உத்திரத்தைத் தூணோடும், தூணை அடித்தளத்தோடும் இரும்புப் பட்டையால் பிணையுங்கள். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் கூரை போய்விடும். ஆஸ்பெஸ்டாஸ் மலிவென்று யாராவது தள்ளிவிடப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு.

மின்சாரக் கணக்கை நான் போட்டுத் தருகிறேன், என் தொழில் அது. ஒன்பது வாட் விளக்குகள் மூன்றும் ஐந்து மணி நேரம் எரிந்தால் 135 வாட்-மணி. குறைந்த மின்சாரத்தில் ஓடும் முப்பது வாட் பிஎல்டிசி மின்விசிறி பத்து மணி நேரம் ஓடினால் 300. கைப்பேசிக்கு 30. மொத்தம் 465. இருநூறு வாட் சூரியத்தகடு ஒன்று நல்ல வெயிலில் நாலு மணி நேர அளவு தந்தால் 800; இழப்பில் முப்பது விழுக்காடு கழித்தாலும் 560 நிற்கும். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 1,280 வாட்-மணி வைத்திருக்கும், மேகம் மூடிய இரண்டு நாளைத் தாண்டலாம். ஈய அமிலப் பேட்டரி விலை குறைவு, ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் சாகும். இஸ்திரிப்பெட்டி, மிக்ஸி, நீர்மோட்டார் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. அம்மாவும் அங்கே இருப்பார்கள் என்றால் அம்மியும் கைப்பம்பும் போதுமா என்று அவர்களிடமே கேளுங்கள். எளிமையை நீங்கள் தேர்ந்தெடுத்து, உழைப்பை அவர் தலையில் ஏற்றுவது நியாயமில்லை.

தண்ணீர்: இருபது சதுர மீட்டர் கூரையில் ஆயிரம் மில்லிமீட்டர் மழை பெய்தால் இருபதாயிரம் லிட்டர், சிந்தியது போகப் பதினாறாயிரம் பிடிக்கலாம். முதல் மழையின் அழுக்கு தனியே வடிய ஒரு குழாய் வையுங்கள். தொட்டிக்குக் கொசுவலை கட்டாயம். டெங்கிக்கு இங்கே எவ்வளவு கண்டிப்பு என்று பார்த்திருப்பீர்கள், ஊரில் நாமே அந்தக் கண்டிப்பைப் பிடிக்க வேண்டும்.

அப்பாவிடம் இரண்டு வேலை சொல்லுங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது, நிலம் நஞ்சையா, பஞ்சாயத்தில் கட்ட அனுமதி எப்படி என்பதை விசாரிக்கட்டும். அடுத்த ஐப்பசி மழையின்போது கொல்லையில் ஒரு கம்பை நட்டு, தண்ணீர் ஏறி நின்ற மட்டத்தில் கோடு போட்டுப் படம் அனுப்பட்டும். அந்தக் கோட்டைப் பார்க்காமல் மேடையின் உயரத்தை என்னால் சொல்ல முடியாது.