ஒரு வருட 'நர்சிங்' படித்தால் நர்ஸ் ஆக முடியாது

கேள்வி: மகள் பிளஸ் டூ வணிகவியல் பிரிவில் தேறியிருக்கிறாள். ஆஸ்பத்திரி வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். பக்கத்து ஊரில் ஒரு நிலையம், ஒரே வருடத்தில் 'நர்சிங் டிப்ளமோ', முடித்ததும் வெளிநாட்டு வேலை என்று சொல்லி 80,000 ரூபாய் கேட்கிறது. வீட்டுக்காரரோ, "வயசானவங்களைப் பாத்துக்கறதுக்கு எதுக்குப் படிப்பு?" என்கிறார். சேர்க்கலாமா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: பணத்தைக் கட்டாதீர்கள். முதலில் அந்த நிலையத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "படிப்பு முடிந்ததும் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் என் மகள் பெயரைப் பதிவு செய்ய முடியுமா?" பதிலை எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

செவிலியர் என்று பதிவு பெற வழிகள் சிலதான். ஏஎன்எம் (துணைச் செவிலியர், மருத்துவச்சிப் படிப்பு) இரண்டு வருடம், ஜிஎன்எம் (பொதுச் செவிலியர், மருத்துவச்சி டிப்ளமோ) மூன்று வருடம், பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம். ஒரு வருடத்தில் யாரும் நர்ஸ் ஆவதில்லை. அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு தனியார் ஆஸ்பத்திரியில் உதவியாளராகச் சேரலாம். ஆனால் பத்து வருடம் உழைத்தாலும் அந்தப் படிப்பு ஸ்டாஃப் நர்ஸ் பணிக்குத் தகுதி ஆகாது. வெள்ளைச் சீருடை போட்ட பிறகு இதைத் தெரிந்துகொள்ளும் பெண்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

வணிகவியல் படித்ததற்காக ஒதுங்க வேண்டாம். பி.எஸ்சி. நர்சிங்குக்குத்தான் இயற்பியல், வேதியியல், உயிரியல் கட்டாயம். ஏஎன்எம், ஜிஎன்எம் இரண்டுக்கும் மற்ற பிரிவினரையும் சேர்க்க இந்திய நர்சிங் கவுன்சில் விதி இடம் தருகிறது. ஜிஎன்எம்முக்கு 40 சதவீத மதிப்பெண் வேண்டும். அரசு இடங்களுக்கான பாட நிபந்தனையை அந்தந்த வருடத் தகவல் கையேட்டில் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். கிராம சுகாதார செவிலியர் வேலைக்கு வாசல் ஏஎன்எம்தான்.

இனி உங்கள் வீட்டுக்காரருக்கு. பக்கவாதம் வந்து படுத்திருக்கும் பெரியவருக்கு ரசம் சாதத்தைக் கரைத்து, படுத்த வாக்கிலேயே ஊட்டுவதை நம் பக்கத்து வீடுகளில் பார்த்திருப்பீர்கள். தண்ணியாக இருந்தால் சுலபமாக இறங்கும் என்ற நல்லெண்ணம்தான். விழுங்கும் தசை தளர்ந்தவருக்கு உண்மை நேர்மாறானது. ரசமும் தண்ணீரும் தொண்டை சுதாரிப்பதற்குள் மூச்சுக்குழாய்க்குள் ஓடிவிடும். அது நுரையீரலில் தங்கி நிமோனியாவாகும். சிலருக்கு இருமல்கூட வராது, குரல் மட்டும் தண்ணீர் கலந்தாற்போல் கொரகொரக்கும். அப்போதே ஊட்டுவதை நிறுத்தத் தெரிய வேண்டும். நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாயைச் சற்றுக் கீழே தாழ்த்தி, கெட்டியான கஞ்சியைச் சின்ன ஸ்பூனால் கொடுத்து, முந்தைய வாய் இறங்கியதா என்று பார்த்த பிறகுதான் அடுத்தது. சாப்பிட்டு அரை மணி நேரமாவது படுக்க விடக்கூடாது.

படுக்கைப்புண்ணும் அப்படித்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இடுப்பின் அடிப்பகுதி, குதிகால், தோள்பட்டை, பின்தலை எல்லாம் தினமும் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்ப்பதுதான் நம் வழக்கம். அதுவே உள்சதையை இன்னும் சிதைக்கும். சிறுநீர்க் குழாய் போட்டவருக்கு, அதில் மாட்டியிருக்கும் மூத்திரப் பையைக் கட்டிலுக்கு மேலே தூக்கி வைத்தால் சிறுநீர் திரும்ப ஏறித் தொற்று வரும், தரையில் உரசினாலும் வரும். பாசம் இருந்தால் போதும் என்பவர்கள் வீட்டில்தான் இவ்வளவும் நடக்கின்றன. இதைக் கற்றுத் தேர்ந்து செய்கிறவளுக்குத் தனி மரியாதை உண்டு, தனிச் சம்பளமும் இருக்க வேண்டும்.

பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பெரியவர்கள் மட்டும் தங்கிவிட்ட தெருக்கள் கும்பகோணத்திலிருந்து வேதாரண்யம் வரை எத்தனை! 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும் வீட்டு வாசலுக்கே சிகிச்சையைக் கொண்டுவருகிறது. இந்த வேலைக்கு ஆள் தேவை நிச்சயம் இருக்கிறது. உதவியாளர் வேலைதான் மகளுக்குப் பிடிக்கிறது என்றால் அதற்கும் 80,000 தேவையில்லை. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் குறுகிய காலப் பயிற்சிகளில் நோயாளி பராமரிப்பும் உண்டு, கட்டணம் இல்லை.

வெளிநாட்டுப் பேச்சுக்கு வருவோம். பராமரிப்புப் பணியாளர்களை வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதைப் பிரிட்டன் 2025 ஜூலை 22-இல் நிறுத்திவிட்டது. யார் ஆசை காட்டினாலும் முகவரின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே இருக்கிறது, அங்கே விசாரியுங்கள்.

மகள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால், அங்கீகாரம் பெற்ற இடத்தில் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு விண்ணப்பியுங்கள். எங்கே சேர்ந்தாலும் அசல் மதிப்பெண் பட்டியலைச் சரிபார்த்ததும் திரும்பக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் பிணையாக வைத்துக்கொண்டு, பாதியில் விலகுபவரிடம் முழுப் பணத்தையும் கறக்கிற இடங்கள் இருக்கின்றன.

மேட்டூர் அணை திறக்கும் ஜூன் மாதத்தை ஒட்டித்தான் சேர்க்கையும் வரும், குறுவைச் செலவும் வரும். இந்த வருடம் முடியாவிட்டால் நகையை அடகு வைக்காதீர்கள். இலவசப் பயிற்சியில் சேரட்டும், வார்டு பழகட்டும், அடுத்த வருடம் ஏஎன்எம்முக்கு விண்ணப்பிக்கட்டும். அதற்கு உச்ச வயது 35.