வெறும் புல்

அன்புள்ள ஐயா,

சென்ற அக்டோபரில் நண்பர்களோடு கர்நாடகத்தின் குதிரேமுக் சிகரம் ஏறினோம். முள்ளோடியில் தொடங்கி, போக வர சுமார் 20 கிலோமீட்டர். தொன்மையான சோலைக்காட்டுக்குள் நடந்தது கனவுபோல் இருந்தது. அதன்பின் வெறும் புல், மொட்டை மலை. உச்சியில் மூடுபனி, பக்கத்தில் நின்றவன் முகம்கூடத் தெரியவில்லை. எந்த மாதம் போனால் காட்சி தெளிவாகக் கிடைக்கும்? அந்தச் சரிவுகளில் மரம் நட்டால் என்ன?

ஒரு வாசகர், பெங்களூரு

அன்புள்ள தம்பிக்கு,

பனி விலகும் மாதத்தை அனுமதிச்சீட்டு தரும் வனத்துறையினரிடம் கேளுங்கள். அரபிக்கடலைப் பார்த்து 1,894 மீட்டர் உயரத்தில் நிற்கும் மலை உங்களுக்கு மேகத்தைக் காட்டியதில் எனக்கு வருத்தமில்லை. ‘வெறும் புல்’ என்று எழுதினீர்களே, அதுதான் என்னை எழுத வைத்தது.

மேற்குத்தொடர்ச்சி மலையின் உயரங்களில் மரங்கள் ஓடையை ஒட்டி மலைமடிப்புகளில் ஒண்டிக்கொள்ளும். காற்று அறையும் சரிவுகள் புல்லுக்கு உரியவை. யாரோ வெட்டியதால் வந்த மொட்டை அன்று அது. நீலகிரிச் சதுப்புகளில் படிந்த மண்ணை ஆராய்ந்தவர்கள், 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல்வெளி இருந்ததைக் கண்டறிந்திருக்கிறார்கள். நீங்கள் வியந்த காட்டின் தொன்மை நீங்கள் சலித்துக்கொண்ட புல்லுக்கும் உண்டு. மழையை வாங்கி மண்ணுக்குள் இறக்கி, ஓடைகளுக்கு மெல்ல விடுவதில் அதற்கும் பங்குண்டு. துங்கா, பத்ரா, நேத்ராவதி மூன்றும் அந்த மலைகளில்தான் பிறக்கின்றன. நம் ‘சோலை’ என்ற சொல்லைத் தாவரவியலாளர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். புல்லுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை.

மரம் நட்டால் என்ன என்று உங்களுக்கு முன்பே ஆங்கிலேயர் கேட்டார்கள். புல்வெளியைத் தரிசு என்று கருதி, ஆஸ்திரேலியத் தைலமரத்தையும், நம் சீகைக்காய்க் கொடி அல்லாத ‘வாட்டில்’ என்னும் சீகை மரத்தையும் நீலகிரியில் நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பின் நாமும் உற்சாகமாகத் தொடர்ந்தோம். பத்து வயதில், பள்ளியில் கொடுத்த பதினொரு சீகைக் கன்றுகளை எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த புல்மேட்டில் நட்டவன் நான். கம்பளியைப் போர்த்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்த பாட்டி, “மாடு எங்கேடா மேயும்?” என்று மட்டும் கேட்டாள். விவரம் தெரியாத கிழவி என்று எண்ணிக்கொண்டேன். நான் கல்லூரிக்குப் போவதற்குள் சீகை மேடு முழுவதும் பரவியிருந்தது. கோடையிலும் வற்றாதிருந்த மேட்டடி ஊற்று நின்றுபோயிற்று. விடுமுறைக்கு வந்தபோது பாட்டி குடத்தோடு சாலைக் குழாயடியில் வரிசையில் நின்றிருந்தாள். என்னிடம் அதைப் பற்றி அவள் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

மறுபடி போங்கள், பனி நாளிலேயே போங்கள். பையில் கன்று எதுவும் வேண்டாம்.