கேள்வி – பதில்: சர்க்கரை மணலாவது ஏன்?

கேள்வி: சிறுகுறிஞ்சான் இலையை மென்ற பிறகு சர்க்கரையை வாயில் போட்டால் மணல் மாதிரி இருக்கிறது. காபி டிகாஷன் மட்டும் வழக்கம்போல் கசக்கிறது. நாக்கு மரத்துப்போனால் எல்லாச் சுவையும் போக வேண்டாமா? – ஒரு வாசகி, தேனி

பதில்: நாக்கு மரத்துப்போகவில்லை. டிகாஷனையும் குடித்துப் பார்த்தீர்களே, விடை அதில்தான் இருக்கிறது.

இனிப்பை அறியும் செல்லின் சவ்வில் டி1ஆர்2, டி1ஆர்3 என்ற இரு புரதங்கள் ஜோடி சேர்ந்து ஏற்பியாக, அதாவது சுவைப் பொருளைப் பற்றிக்கொள்ளும் அமைப்பாக, நிற்கின்றன. சர்க்கரை வந்து பொருந்தியதும் உள்ளே கஸ்ட்டூசின் என்ற, செய்தி கடத்தும் ஜி-புரதம் முடுக்கப்படுகிறது. அடுத்து ஒரு நொதி ஐபி3 என்ற மூலக்கூறை உண்டாக்க, செல்லின் சேமிப்பிலிருந்து கால்சியம் வெளிவருகிறது. அந்தக் கால்சியம் டிஆர்பிஎம்5 என்ற வாயிலைத் திறக்க, சோடியம் உள்ளே பாய்கிறது. கடைசியில் செல் வெளிவிடும் ஏடிபி என்ற மூலக்கூறு நரம்பைத் தூண்டுகிறது.

கசப்பை அறியும் செல்கள் வேறு, ஏற்பிகளும் வேறு. மனிதருக்குக் கசப்பு ஏற்பிகள் சுமார் 25 வகை உண்டு. ஆனால் ஏற்பிக்குப் பிந்தைய சங்கிலி ஏறக்குறைய இதேதான். இலை அந்தச் சங்கிலியை அறுத்திருந்தால் டிகாஷனும் கசந்திருக்காது. ஆகவே அது இனிப்பு ஏற்பியைத்தான் பிடித்திருக்கிறது. இலையிலுள்ள ஜிம்னெமிக் அமிலங்கள், டி1ஆர்3 புரதத்தின் சவ்வுக்குள் புதைந்த பகுதியில் ஒட்டிக்கொள்கின்றன. அதனால் வெல்லம், தேன், செயற்கை இனிப்பான சாக்கரின் எதுவுமே இனிக்காது. எலியின் டி1ஆர்3 அமைப்பு சற்று வேறு. அதனிடம் இந்த அமிலம் பலிப்பதில்லை.

கேள்வி: நானும் மென்றேன், சர்க்கரை இனிக்கவே செய்தது. என்ன தவறு? – ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: பெரும்பாலும் அவசரம்தான். கசப்பு தாங்காமல் உடனே விழுங்கிவிட்டால் சாறு ஏற்பிகளில் ஒட்ட நேரமிருக்காது. இரண்டு பச்சை இலைகளை நன்றாக மென்று, சாற்றை நுனியிலிருந்து அடிநாக்கு வரை ஒன்றிரண்டு நிமிடம் புரட்டுங்கள். துப்பி, வாய் கொப்பளித்த பிறகே சர்க்கரையை வையுங்கள். கூடவே உப்பும் எலுமிச்சைச் சாறும் சுவைத்துப் பாருங்கள். அவை மாறக் கூடாது. அவையும் மங்கியிருந்தால், வாயில் மிஞ்சிய கசப்பு மற்ற சுவைகளை அமுக்குகிறது என்று பொருள்; மறுபடி கொப்பளியுங்கள். இனிப்பு அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் தானே திரும்பும்.

இலையையே சர்க்கரை நோய்க்கு மருந்தாக்கி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மாத்திரையோடு சேர்த்து விழுங்குவதும் ஆபத்து, ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும். மருத்துவரிடம் கேட்காமல் செய்யாதீர்கள்.