இரண்டு பேரும் கையெழுத்து வைத்தாயிற்று, ஒப்பந்தம் செல்லுமா?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டை இரண்டு வருடத்துக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறோம். வீட்டுக்காரர் கனடாவில் இருப்பதால் அவருடைய தம்பி கையெழுத்து வைத்தார். புரோக்கர் கொண்டுவந்த அச்சுப் படிவத்தில் முத்திரை ஒட்டி, சமாதான நீதவானின் சீலும் வாங்கியிருக்கிறோம். ஆறு மாத அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. பிரதி இன்னும் கைக்கு வரவில்லை. இது சட்டப்படி செல்லுமா?

பதில்: இரண்டு வருடக் குத்தகையாகச் செல்லாது. இலங்கையின் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவும் நொத்தாரிசு (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்த அனுமதி பெற்றவர்) முன்னிலையில் கையெழுத்தாக வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகளும் அதே நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். முத்திரையோ சமாதான நீதவானின் சீலோ இதற்கு ஈடாகாது. சட்டத்தரணிகள் எல்லோரும் நொத்தாரிசும் அல்ல. பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டுப் படியேறுங்கள். பதினொரு மாதத்துக்கு எழுதினால் பதிவு தேவையில்லை என்று யூடியூபில் சொல்வது இந்தியச் சட்டம். இங்கே எல்லை ஒரு மாதம்தான்.

அதற்காக நாளைக்கே உங்களை இறக்கிவிடலாம் என்று அர்த்தமில்லை. குடியேறி வாடகை கட்டி வருபவரை நீதிமன்றங்கள் பொதுவாக மாத வாடகைக் குடியிருப்பாளராகவே பார்த்து வந்திருக்கின்றன. ஆனால் ‘இரண்டு வருடம் இருப்பேன்’ என்ற உரிமையை அந்தத் தாளை வைத்து நிலைநாட்டுவது கஷ்டம்.

அதைவிட எனக்குப் பெரிய கவலை தம்பியின் கையெழுத்து. வெறும் உறவுமுறை அதிகாரம் தராது. தன் சார்பில் செயற்பட அண்ணன் எழுதிக் கொடுத்த அற்றோணித் தத்துவம் (பவர் ஒஃப் அற்றோணி) இருக்கிறதா, அதில் குத்தகைக்குக் கொடுக்கும் அதிகாரம் எழுதப்பட்டிருக்கிறதா, இலங்கையில் அது பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டு உறுதியின் (உரிமைப் பத்திரத்தின்) பிரதியையும் பாருங்கள். உறுதி கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருந்தால் இருவர் சார்பிலும் கையெழுத்து வேண்டும். உறுதி காட்டத் தயங்குகிறவரிடம் ஆறு மாதப் பணத்தை நான் கொடுக்கமாட்டேன். நீங்கள் கொடுத்துவிட்டீர்கள், ஆகவே இன்றைக்கே பற்றுச்சீட்டு வாங்குங்கள். யார் சார்பில், எந்த வீட்டுக்கு, எவ்வளவு, திருப்பித் தரவேண்டிய பணமா அல்லது வாடகையில் கழிபடுவதா என்று அதில் இருக்கட்டும்.

பிறகு புதிதாக ஒரு குத்தகை உறுதி எழுதுங்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ புதுக்கடையிலோ தமிழில் எழுதும் நொத்தாரிசைத் தேடிப் பிடிக்கலாம். உறுதி ஆங்கிலத்தில் இருந்தாலும் பேனையை எடுக்குமுன் அதை வாசித்து விளக்கச் சொல்லுங்கள்; அது நொத்தாரிசின் கடமை, உங்களுக்குச் செய்யும் உபகாரமல்ல. தாளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வரும் புரோக்கர் வேலைக்கு இதில் இடமில்லை. தேசிய அடையாள அட்டையோடு நேரில் போங்கள். உங்களை நொத்தாரிசுக்குத் தெரியாவிட்டால், உங்களைத் தெரிந்த சாட்சிகள் தேவை. வாசலில் நிற்கும் யாரோ இரண்டு பேர் போதாது. அடித்துத் திருத்திய, இடையில் செருகிய சொற்களை நொத்தாரிசு தன் அத்தாட்சிக் குறிப்பில் எழுத வேண்டும்; எழுதினாரா என்று பாருங்கள். வெற்றிடம் எதையும் விடாதீர்கள்.

தம்பி ஒரு யோசனை சொல்லக்கூடும்: முத்திரை வரி குறையட்டும், உறுதியில் வாடகையைக் குறைத்துப் போடுவோம் என்று. கொழும்பில் இது சர்வசாதாரணம். சம்மதிக்காதீர்கள். நாளைக்கு அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கும்போது உங்கள் கையில் இருப்பது அந்தக் குறைந்த தொகை எழுதிய உறுதிதான். முத்திரை வரியும் நொத்தாரிசின் கட்டணமும் யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே பேசுங்கள்.

கையெழுத்தான பின் ஒரு பிரதி நொத்தாரிசிடம் இருக்கும், இன்னொன்று காணிப் பதிவகத்துக்குப் போகும். அதனால் உங்கள் கையில் இருப்பது தொலைந்தாலும் சான்றுப்படுத்திய பிரதி எடுக்கலாம். உறுதியைப் பதிவு செய்தாயிற்றா என்பதைத் தனியாகக் கேட்டு உறுதிப்படுத்துங்கள். பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்க்கும் எண்ணம் இருந்தால், வதிவிடச் சான்றாகக் காட்ட இது இன்னும் முக்கியம். வீட்டில் இருப்பவர்களின் விபரத்தைப் பொலிஸுக்குக் கொடுக்கும் பதிவுப் படிவத்தையே ஒப்பந்தம் என்று பத்திரமாக வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேறு விஷயம்.

‘எதற்கு வீண் செலவு’ என்று தம்பி இழுத்தால், அவருக்கும் இதில் லாபம் உண்டென்று சொல்லுங்கள். காலம் முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து வீட்டை விரைவாக மீட்க 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வழி செய்கிறது. அந்த வழியில் போக முறையான குத்தகை உறுதி வேண்டும். அப்படியும் மறுத்தால் மேலதிகமாக ஒரு ரூபாகூட முற்பணம் கொடுக்காதீர்கள். வாடகையை மாதாமாதம் வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கே அனுப்பி, சிட்டைகளைச் சேர்த்து வையுங்கள்.