காற்றிலும் மழையிலும் தூண்டில் போட, கச்சிதமாகவும் சாயாமலும் இருக்கும் கூடாரம் எது?

தோளில் மாட்டிக்கொண்டு கரையோரம் நடக்க வேண்டும், பலத்த காற்றில் பறந்துவிடவும் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து கிடைக்கும். ஆனால் உதறினாலே தானாக விரியும் வட்டப் பை ரகத்தில் தேடாதீர்கள். வெயிலுக்கு அது அருமையான பொருள். காற்று வலுத்தால் அதன் கம்பி வளைந்து, துணி உங்கள் தலைமேலேயே படியும்.

என் தேர்வு குடை வகைக் கூடாரம். மேலே குடை போலவே விலாக்கம்பிகள், மூன்று பக்கமும் தரைவரை இறங்கும் துணி, முன்பக்கம் திறப்பு. சுருட்டினாலும் நீளம் குறையாது என்பது இதன் மேல் சொல்லப்படும் குறை. தூண்டில் கழிகளையே நீளமான உறையில்தானே தூக்கிப் போகிறோம்? அதோடு சேர்த்துக் கட்டிவிடலாம்.

உயரத்தில் ஆசைப்படாதீர்கள். உயரமான கூடாரம் காற்றை அதிகம் பிடிக்கும்; காற்றின் வேகம் இரண்டு மடங்கானாலோ அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். நாற்காலியில் உட்கார்ந்தால் தலை இடிக்காத உயரம் போதும். நிமிர்ந்து நிற்க வேண்டுமென்றால் வெளியே வந்து நில்லுங்கள்.

வாங்கும்போது கடையிலேயே விரித்துப் பாருங்கள். விலாக்கம்பிகள் கூடும் நடுமுடிச்சு பிளாஸ்டிக்கா, உலோகமா என்று பார்க்க வேண்டும். முறிவது பெரும்பாலும் அங்கேதான். உட்புறம் தையல்களின் மேல் நாடா ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். துணியின் நீர்த்தாங்கு திறனை, அதாவது எவ்வளவு உயர நீர்த்தூணின் அழுத்தத்தை அது கசியாமல் தாங்கும் என்பதை, மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். 3000 இருந்தால் நல்ல மழைக்குத் தாங்கும். 10000 என்று பெருமையாக எழுதியிருந்தாலும், நாடா இல்லாத தையல் வழியாகத் தண்ணீர் சொட்டத்தான் செய்யும். முளை அடிக்கும் வளையங்களைப் பலமாக இழுத்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கூடாரத்தை நிறுத்துவது முளையும் கயிறும்தான். கூடவே வரும் மெல்லிய கம்பி முளைகளை நான் எண்ணிக்கையில் சேர்ப்பதே இல்லை. சேற்று மண்ணுக்கு நீளமான, அகன்ற முளைகள் வேண்டும். மணலில் திருகு முளை நிற்கும். அதுவும் இல்லையென்றால் ஒரு பையில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டிப் புதைத்துவிடுங்கள். பாறையிலும் கான்கிரீட் கரையிலும் கல் நிரப்பிய பைகளே கதி. முன்வாயின் இரு ஓரங்களிலும் தாங்குகம்பு கொடுக்கும் வசதி இல்லாத குடையை வாங்கவே வேண்டாம். காற்று திடீரென்று திசை மாறி வாய்வழியாகப் புகும்போது கூடாரத்தைக் கவிழாமல் பிடித்துக்கொள்வது அந்த இரண்டு கம்புகள்தான்.

முதுகைக் காற்றுக்குக் காட்டி நிறுத்துங்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் ஏரியில் காற்று மோதும் கரையில்தான் மீன் இரை தேடி வரும் என்று நம்பி அங்கேதான் நம்மில் பாதிப் பேர் உட்காருகிறோம். அப்போது காற்று எதிரே வரும். கூடாரத்தைச் சாய்வாகத் திருப்பி, பக்கச் சுவரில் காற்று வாங்கும்படி வைத்து, திறப்பின் ஓரத்திலிருந்து கழியின் நுனி தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நுனி தெரியாவிட்டால் கழியில் ஒரு மணியைக் கட்டிவிடலாம். நீர் ஏறக்கூடிய ஆற்றங்கரையின் பள்ளமும், காய்ந்த கிளை தொங்கும் மரத்தடியும் எவ்வளவு வசதியாகத் தெரிந்தாலும் வேண்டாம்.

குளிருக்காகத் திறப்பை மூடிக்கொண்டு உள்ளே அடுப்பு பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. இடி கேட்டால் எந்தக் கூடாரமும் பாதுகாப்பல்ல. கார்பன் கழி மின்சாரத்தைக் கடத்தும். அதைக் கீழே போட்டுவிட்டு, கட்டடத்துக்கோ உலோகக் கூரையுள்ள காருக்கோ போய்விடுங்கள். கடைசி இடி முழங்கி 30 நிமிடம் ஆகும்வரை கரைக்குத் திரும்ப வேண்டாம்.